ஒரே தொட்டியில் இரண்டு நோயாளிகள்: ஆண் கடற்குதிரையின் வாயுக் குமிழி நோயும் பெண்ணின் வால் புண்ணும் குறித்த நிகழ்வு ஆய்வு

வளர்ப்புக் கடற்குதிரைகளில், குறிப்பாக ஆண்களில், அடிக்கடி காணப்படும் நோய்களுள் வாயுக் குமிழி நோய் ஒன்று. நோய்வாய்ப்பட்ட கடற்குதிரை நீரின் மேற்பரப்பில் மிதந்து, கீழே இறங்க முடியாமல் தவிப்பதால், வளர்ப்பவரின் கவனம் முழுவதும் அதன் உடலில் சேர்ந்த காற்றை வெளியேற்றுவதிலேயே நின்றுவிடுகிறது. இங்கு விவரிக்கப்படும் நிகழ்விலும் காற்று பலமுறை வெளியேற்றப்பட்டது. ஒவ்வொரு முறையும் சில நாட்களில் திரும்பி வந்தது. மருந்து நோயைத் தணித்து அவகாசம் பெற்றுத் தந்தது என்பது உண்மைதான். ஆனால் நோய் நின்றது தொட்டியின் நீரைச் சீர்செய்த பிறகே. அந்த நீரில்தான் கோளாறு இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்தது, நலமாக இருப்பதாக எல்லோரும் நினைத்திருந்த பெண் கடற்குதிரை.

பின்னணி

இரண்டும் ஹிப்போகாம்பஸ் எரெக்டஸ் என்னும் இனத்தைச் சேர்ந்தவை. மேற்கு அட்லாண்டிக் கரையோரக் கடலில் வாழும் இந்த இனம் பண்ணைகளில் பரவலாக வளர்க்கப்படுகிறது. இந்தச் சோடியும் பண்ணையில் பிறந்து, உறைந்த மைசிஸ் இறாலை உண்ணப் பழகியது. கடலில் பிடிக்கப்பட்டவை பெரும்பாலும் ஒட்டுண்ணிகளோடு வருகின்றன. உறைந்த உணவைத் தொட மறுத்து மெலிகின்றன. 2004 முதல் கடற்குதிரைகள் அனைத்தின் பன்னாட்டு வணிகமும் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. எனவே வளர்க்க விரும்புவோர் பண்ணையில் பிறந்தவற்றையே தேட வேண்டும் என்பது நோய்த் தடுப்பிலும் அறத்திலும் ஒரே முடிவுக்கு வருகிறது.

தொட்டி சுமார் 150 லிட்டர் கொண்டது; உயரம் 60 செ.மீ. பற்றிக்கொள்வதற்குப் பிளாஸ்டிக் கடற்புற்கள், சில உயிர்ப்பாறைகள், கரைந்த கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர், நீரைச் சுழற்றும் பம்பு ஆகியவை இருந்தன. வேறு மீன்கள் இல்லை. ஓராண்டுக்கு மேல் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடிய தொட்டி அது.

வெயில் காலம் தொடங்கிய பிறகு ஆணின் குஞ்சுப்பை உருண்டு பெருத்தது. ஆண் சினையுற்றிருக்கிறது என்று வளர்ப்பவர் கருதியதில் வியப்பில்லை. இந்த இனத்தில் முட்டைகளைச் சுமப்பது ஆண்தானே. சில நாட்களில் அது பிடியைத் தளர்த்தியதும் மேலே எழும்பத் தொடங்கியது. வாலின் அடிப்பகுதி தூக்கிக்கொள்ள, தலை சாய்ந்து, செங்குத்தாக நிற்க முடியாமல் மேற்பரப்பில் தத்தளித்தது. பையை மெல்ல நீவிக் காற்றை வெளியேற்றும் முறையைக் கற்றுக்கொண்டு வளர்ப்பவர் அதைச் செய்தார். உடனே குணம் தெரிந்தது. ஆனால் இரண்டு மூன்று நாட்களில் பை மீண்டும் நிறைந்தது. இப்படிப் பலமுறை நடந்தபின், வாலின் தோலுக்கடியிலும் சிறு கொப்புளங்கள் தோன்றிய நிலையில், இந்நிகழ்வு என் பார்வைக்கு வந்தது.

பரிசோதனை

ஆணின் எடை பத்து கிராமுக்குச் சற்று மேல் இருந்தது. எடை பார்க்கக் கடற்குதிரையை நீரைவிட்டு வெளியே எடுக்கத் தேவையில்லை; கடல்நீர் நிரம்பிய ஒரு கிண்ணத்தைத் தராசில் வைத்து, மீனைச் சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொண்டால் போதும். வலையில் கோரித் தூக்குவதை நான் எப்போதும் தவிர்க்கிறேன். செதில் இல்லாத, எலும்புத் தகடுகளின்மேல் இழுத்துப் போர்த்தியது போன்ற மெல்லிய தோல் வலையில் எளிதில் உராய்ந்துவிடும். அந்த உராய்வே கிருமிக்கு வழியாகும்.

அறையை இருட்டாக்கிப் பையின் பின்னாலிருந்து சிறிய டார்ச் ஒளியைப் பாய்ச்சியபோது, பை முழுவதும் ஒரே சீராக ஒளிர்ந்தது. உள்ளே கருவோ குஞ்சோ இருந்தால் புள்ளி புள்ளியாக நிழல் தெரியும். மேலும், சினையுற்ற ஆண் கனமாக இருக்குமே தவிர மிதக்காது. வயிற்றுக்குள் நீர் கோத்துக்கொண்டாலும் உடல் வீங்கும், அப்போதும் மிதக்காது. மிதக்கிறதா, அமிழ்கிறதா என்ற இந்த ஒரு கேள்வியே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். வாலின் வளையங்களுக்கு இடையில் ஐந்தாறு இடங்களில் கண்ணாடிபோல் பளபளக்கும் கொப்புளங்கள் இருந்தன. கண்கள் பிதுங்கவில்லை. செவுள் மூடியின் அசைவு சற்று வேகமாக இருந்தது. இரையை உறிஞ்சும்போது எழும் ‘டிக்’ என்னும் ஒலி தெளிவாகவே கேட்டது. மூக்குக் குழலில் புண்ணோ அடைப்போ இருந்தால் முதலில் மங்குவது அந்த ஒலிதான் என்பதால் இது நல்ல அறிகுறி. ஆனால் உண்ணும் அளவு பாதியாகக் குறைந்திருந்தது.

பெண்ணைப் பற்றி வளர்ப்பவர் எதுவும் சொல்லவில்லை. அது நன்றாக உண்டது, நன்றாக நீந்தியது. ஆயினும் ஒரே தொட்டியில் வாழும் ஒவ்வொன்றையும் பார்ப்பது என் வழக்கம். வால் சுருண்டிருந்தவரை எதுவும் தெரியவில்லை. விரலைப் பற்றிக்கொள்ளவிட்டு வாலை மெல்ல விரித்தபோது, நுனியிலிருந்து நான்கைந்து வளையங்கள் வரை தோல் வெளுத்திருந்தது. அந்த வெண்மையின் விளிம்பில் நூல் பிரிந்தது போலத் தோல் உரிந்து நீரில் ஆடிக்கொண்டிருந்தது. பொருளைப் பற்றும் பகுதி எப்போதும் மடிப்புக்குள் மறைந்திருப்பதால் வால் அழுகலின் தொடக்கம் கண்ணில் படுவதில்லை. வாரம் ஒருமுறையாவது வால் நுனியை விரித்த நிலையில் பார்க்க வேண்டும் என்று வளர்ப்போர் எல்லோரையும் நான் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

பெண்ணின் புண் விளிம்பிலிருந்து எடுத்த சுரண்டலை நுண்ணோக்கியில் பார்த்தபோது, துடிப்பாக நகரும் கோல் வடிவ பாக்டீரியாக்கள் திரளாக இருந்தன. யுரோனீமா போன்ற குறு இழை உயிரிகள் இல்லை. இந்த ஒட்டுண்ணி தோலைத் துளைத்துத் தசைக்குள் புகுவது. பார்வைக்கு இதே போன்ற வெண்திட்டாகத்தான் தொடங்கும். மருந்தோ முற்றிலும் வேறு. எனவே நுண்ணோக்கியில் பார்க்காமல் வெண்திட்டுக்கு மருந்து தொடங்குவதை நான் ஏற்பதில்லை. அமிலம் தாங்கும் பாக்டீரியாக்களுக்கான சாயச் சோதனையும் செய்யப்பட்டது. அதில் மைக்கோபாக்டீரியம் தென்படவில்லை. வளர்ப்புக் கடற்குதிரைகளில் அது அரிதானதல்ல. ஆறாத புண்ணாகவும் காரணமற்ற மெலிவாகவும் வெளிப்படும். அதில் மைக்கோபாக்டீரியம் மரைனம் மனிதரின் கையில் உள்ள கீறல் வழியாகப் புகுந்து தோல் கட்டிகளை உண்டாக்கக் கூடியது. புண்ணுள்ள கடற்குதிரையைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

ஆணின் பையைக் கழுவிய நீரும் பெண்ணின் புண் மாதிரியும் விப்ரியோ என்னும் பாக்டீரியா இனங்களை வளர்த்துக் கண்டறிய உதவும் டிசிபிஎஸ் ஊடகத்தில் வளர்க்கப்பட்டன. இரண்டிலும் ஒரே தோற்றமுடைய மஞ்சள் நிறத் திட்டுகள் அடர்த்தியாக வளர்ந்தன. ஒன்றுக்குக் காற்று, மற்றொன்றுக்குப் புண் என்று இரு வேறு நோய்களாகத் தெரிந்தவை ஒரே நீரிலிருந்து கிளைத்தவை என்று எண்ண வைத்தது இந்த முடிவுதான்.

தண்ணீர் சொன்ன செய்தி

வளர்ப்பவரின் குறிப்பேட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம் என்றே எப்போதும் இருந்தன. அதனால் நீர் நன்றாக இருக்கிறது என்று அவர் நம்பினார். உப்பளவைக் காட்டும் நீரின் ஒப்படர்த்தி 1.025, அதிலும் குறையில்லை. ஆனால் பிற்பகல் வெப்பநிலை 26.5 டிகிரி செல்சியஸ். பவளப்பாறை மீன்களுக்கு அது இயல்பான வெப்பம்; கடற்குதிரைத் தொட்டிக்கு அதிகம். இந்த இனத்தை 21 முதல் 23 டிகிரிக்குள் வைத்துக்கொள்வது நல்லது. வெப்பம் கூடக் கூட விப்ரியோ வேகமாகப் பெருகுகிறது, நோயுண்டாக்கும் திறனும் கூடுகிறது. கடலில் இதே வெப்பத்தில் கடற்குதிரைகள் வாழ்கின்றனவே என்ற கேள்வி எழலாம். கடலில் கழிவு தேங்குவதில்லை. நூற்றைம்பது லிட்டர் நீருக்குள் தேங்குகிறது.

தேங்கியிருந்த இடத்தையும் கண்டோம். பிளாஸ்டிக் கடற்புற்களின் அடித்தட்டைத் தூக்கியபோது, உண்ணாமல் விழுந்த மைசிஸ் இறால்கள் கருத்துக் கூழாகிக் கிடந்தன. இதற்குக் கடற்குதிரையின் உடலமைப்பும் ஒரு காரணம். அதற்கு இரைப்பை இல்லை. உண்டது குடலில் விரைவாக நகர்ந்துவிடுவதால் சிறிது சிறிதாக அடிக்கடி உண்ண வேண்டும். ஒவ்வோர் இரையையும் நின்று நிதானமாகப் பார்த்த பிறகே உறிஞ்சும். ஆகவே அதிக உணவு, மெதுவான உண்ணுதல், மென்மையான நீரோட்டம் ஆகிய மூன்றும் ஒரே தொட்டியில் சேரும்போது மிச்சம் விழத்தான் செய்யும். அந்த மிச்சமும் பெண் தன் வாலைச் சுற்றியிருந்த புல்லின் அடியில்தான் கிடந்தது.

மூன்றாவது கண்டுபிடிப்பு பம்பில் இருந்தது. நீரை உள்ளிழுக்கும் பக்கத்துக் குழாய் இணைப்பு தளர்ந்து, மயிரிழை அளவுக்குக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. பம்பின் அழுத்தத்தில் அந்தக் காற்று நீரில் கரைகிறது. தொட்டிக்குள் வந்து அழுத்தம் தணிந்ததும், மூடி திறந்த சோடா புட்டியைப் போல வெளியேறத் துடிக்கிறது. நீரில் வாயு இப்படி மிகையாகக் கரைந்திருந்தால் மீனின் இரத்தத்திலும் திசுவிலும் அதே நிலை உண்டாகும். தொட்டியின் கண்ணாடியில் மணல்போல் ஒட்டியிருந்த நுண்குமிழிகளும், சில நிமிடம் நீரில் வைத்த கையின் ரோமங்களில் படிந்த குமிழிகளும் இதை உணர்த்தின. இது கருவியால் அளந்தது ஆகாது. வீட்டில் செய்யக்கூடிய ஓர் எச்சரிக்கைச் சோதனை மட்டுமே.

வாயுக் குமிழி நோய்க்கு ஒரே காரணத்தைச் சுட்டுவது கடினம். மிகைக் கரைவு, பைக்குள் பெருகும் பாக்டீரியா, நீண்ட மன அழுத்தம், இரத்தத்தில் அமிலத்தன்மை கூடுதல் எனப் பல விளக்கங்கள் உள்ளன. கடற்குதிரையின் உடலுக்குள் மிதப்பைச் சீராக வைக்கும் காற்றுப்பை (இது குஞ்சுப்பை அன்று), தொண்டையோடு குழாய் இணைப்பு இல்லாத மூடிய பை. அதில் இரத்தத்திலிருந்தே வாயு நிரப்பப்படுகிறது. அங்குள்ள வாயுச் சுரப்பி இரத்தத்தை அமிலமாக்கி, ஹீமோகுளோபின் பிடித்து வைத்திருக்கும் ஆக்சிஜனை விடுவிக்கச் செய்கிறது. இந்த அமிலமாக்கலில் பங்குகொள்ளும் நொதி கார்பானிக் அன்ஹைட்ரேஸ். அசிட்டசோலமைடு என்னும் மருந்து இந்த நொதியைத் தடுக்கிறது. மனிதரின் கண்ணழுத்த நோய்க்குத் தரப்படும் அதே மருந்து வாயுக் குமிழி நோயிலும் பயன்படுவது இப்படித்தான்.

சிகிச்சை

இரண்டையும் பிரதானத் தொட்டியிலிருந்து 38 லிட்டர் அளவுள்ள வெறுந்தொட்டிகளுக்கு, தனித்தனியாக மாற்றினோம். மணலோ பாறையோ இல்லை. காற்றுக் குழாய், பற்றிக்கொள்ள ஓர் உருண்டைப் பிளாஸ்டிக் கயிறு, அவ்வளவுதான். துணையைப் பிரிப்பது கடற்குதிரைக்குச் சுமையாக இருக்கும் என்பதால் தொட்டிகளை ஒன்றையொன்று பார்க்கும்படி ஒட்டி வைத்தோம். வெப்பநிலையை நாளொன்றுக்கு ஒரு டிகிரிக்கு மேல் போகாமல் இறக்கி 21.5 டிகிரியில் நிறுத்தினோம்.

ஆணின் பையை முதலில் காலி செய்தோம். நீருக்கடியிலேயே உள்ளங்கையில் அதைச் சாய்த்து, வால் சுண்டுவிரலைச் சுற்றிக்கொள்ளவிட்டு, பையின் வாயை மேல்நோக்கித் திருப்பி, ஊசியில்லாத மெல்லிய பிளாஸ்டிக் குழாயின் மழுங்கிய முனையை அந்தப் பிளவில் சில மில்லிமீட்டர் மட்டும் நுழைத்தோம். கட்டைவிரலால் பையின் அடியிலிருந்து மேலாக மெல்ல நீவியதும் குமிழிகள் சரமாக வெளியேறின. பிறகு அதே குழாய் வழியாக அசிட்டசோலமைடு கலந்த கடல்நீரைச் சிறிதளவு செலுத்திப் பையைக் கழுவினோம். வாலின் கொப்புளங்களை ஊசியால் குத்திக் காற்றெடுக்கும் வழக்கமும் உண்டு. ஏற்கெனவே விப்ரியோ நிறைந்த நீரில் வாழ்ந்த கடற்குதிரையின் தோலில் புதிய துளைகளைப் போடுவதற்கு நான் உடன்படவில்லை.

கொப்புளங்களுக்காக மருந்துக் குளியல் தொடங்கப்பட்டது. 38 லிட்டர் கடல்நீருக்கு 250 மில்லிகிராம் அசிட்டசோலமைடு. ஒவ்வொரு நாளும் நீரை முழுவதும் மாற்றி, புதிய நீரில் மீண்டும் அதே அளவு. இதை எட்டு நாட்கள் தொடர்ந்தோம். மாத்திரையைப் பொடியாக்கிக் கரைக்கும்போது மாவுப்பொருள் வெண்படிவாக அடியில் தங்கும். தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் சேர்க்க வேண்டும். இம்மருந்து பசியைக் குறைக்கும் என்பதை முன்கூட்டியே எதிர்பார்த்திருந்தோம். இரைப்பை இல்லாத மீன் பட்டினியைத் தாங்காது. மூன்றாம் நாள் ஆண் உறைந்த உணவை மறுத்தபோது, ஆர்ட்டீமியா என்னும் சிறு உப்புநீர் இறாலை, உயிருள்ள வளர்ந்த நிலையில் தந்தோம். அசைவைக் கண்டதும் உண்டது.

ஆர்ட்டீமியா இன்னொரு வகையிலும் உதவியது. விப்ரியோவுக்கு எதிரான உணர்திறன் சோதனையில் என்ரோஃபிளாக்சசின் என்னும் ஆன்டிபயாட்டிக் வேலை செய்வதாகத் தெரிந்தது. ஆனால் கடல்நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் இந்த வகை மருந்தோடு பிணைந்து, அது உடலுக்குள் செல்வதைக் குறைத்துவிடுகின்றன. எனவே குளியலாகத் தருவதைவிட, மருந்துக் கரைசலில் ஆர்ட்டீமியாவை ஊறவிட்டு, அது விழுங்கிய பிறகு கடற்குதிரைக்கு ஊட்டுவதே பயன் தரும் என்று முடிவு செய்தேன். இரண்டுக்கும் பத்து நாட்கள் அவ்வாறு தரப்பட்டது. ஆன்டிபயாட்டிக் எதுவாயினும் உணர்திறன் சோதனையின் அடிப்படையில், எடைக்கேற்ப, மீன் மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவர் நிர்ணயிக்க வேண்டியது; பாதி அளவில் தொடங்கிப் பாதியில் நிறுத்துவது எதிர்ப்புத் திறனுள்ள கிருமிகளை வளர்ப்பதாகும்.

பிரதானத் தொட்டியில் செம்பு மருந்து ஊற்றலாமா என்று வளர்ப்பவர் கேட்டார். கூடாது என்றேன். பாறை மீன்களின் வெண்புள்ளி நோய்க்குப் பெயர்பெற்ற மருந்து அது. கடற்குதிரைகள் செம்பை எளிதில் தாங்குவதில்லை, இங்கு அதற்கு இலக்கான ஒட்டுண்ணியும் இல்லை. நன்னீரில் சில நிமிடம் வைத்தெடுக்கும் முறையும் புற ஒட்டுண்ணிகளுக்கானதே. பலவீனமான கடற்குதிரையை அந்த அதிர்ச்சிக்கு உள்ளாக்க இங்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை.

குளியல் தொடங்கிய ஐந்தாம் நாளில் வாலின் கொப்புளங்கள் சுருங்கின. எட்டாம் நாளில் ஒன்றும் எஞ்சவில்லை. பை ஒருமுறை லேசாக உப்பி, மீண்டும் கழுவிய பின் அடங்கியது. பெண்ணின் நிலை மெதுவாகவே தேறியது. வெண்மை மேலே பரவுவது நின்றது. ஆனால் இறந்துபோன நுனி வளையங்கள் சில உதிர்ந்தன. எஞ்சிய முனையில் புதிய தோல் மூடிய பின், அது வாலின் சற்று மேற்பகுதியால் பற்றிக்கொள்ளப் பழகியது.

தொட்டியில் செய்த மாற்றங்கள்

நோயாளிகள் தேறியதும் உடனே வீட்டுத் தொட்டிக்கு அனுப்ப வளர்ப்பவர் விரும்பினார். நான் மறுத்தேன். முன்பு காற்றை வெளியேற்றிய ஒவ்வொரு முறையும் ஆண் திரும்பிச் சென்றது அதே 26 டிகிரி நீருக்குத்தான். மருந்துக்குப் பின்னும் அதையே செய்தால் அதே விளைவுதான் வந்திருக்கும்.

நீரைக் குளிர்விக்கும் சில்லர் பொருத்தி வெப்பநிலை 22 டிகிரியில் நிலைநிறுத்தப்பட்டது. பம்பு இணைப்பு மாற்றப்பட்டு, நீர் மேற்பரப்பில் மெல்ல அலையடிக்கும்படி குழாய் திருப்பப்பட்டது. மிகையாகக் கரைந்த வாயு வெளியேற அந்த அலையடிப்பே எளிய வழி. பிளாஸ்டிக் புற்கள் அடித்தட்டு இல்லாமல் கண்ணாடியில் பொருத்தப்பட்டன. புற ஊதாக் கதிர் விளக்கு ஒன்றும் சேர்க்கப்பட்டது. நீரில் மிதந்துவரும் கிருமிகளை மட்டுமே அது குறைக்கும், கூழுக்குள் இருப்பதைத் தொடாது என்பதை வளர்ப்பவருக்கு விளக்க வேண்டியிருந்தது.

உணவு முறைதான் பெரிய மாற்றம். உறைந்த மைசிஸை வடிகட்டியில் இட்டு, அது உருகிய நீரைக் கொட்டிவிட்டு, சுத்தமான நீரில் அலசி, ஓர் ஆழமற்ற கண்ணாடிக் கிண்ணத்தில் மட்டுமே வைக்க வேண்டும். சில நாட்களில் இரண்டும் கிண்ணத்துக்கே வந்து உண்ணப் பழகின. நாளுக்கு மூன்று முறை சிறிதளவாக வைத்து, அரைமணி நேரத்தில் மிச்சத்தை உறிஞ்சியெடுத்துவிடுவது வழக்கமாயிற்று. நைட்ரேட் அளவு லிட்டருக்கு 40 மி.கி.யிலிருந்து இறங்கத் தொடங்கியதை வளர்ப்பவரே தம் குறிப்பேட்டில் கண்டு மகிழ்ந்தார். புதிதாக எந்த உயிரினம் வந்தாலும் ஆறு வாரம் தனித் தொட்டியில் வைத்து, கழிவை நுண்ணோக்கியில் பார்த்த பிறகே சேர்ப்பது என்றும் முடிவாயிற்று.

பின்தொடர்தல்

அடுத்த வெயில் காலம் முழுவதும் ஆணுக்கு வாயு சேரவில்லை. பெண்ணின் வாலில் புதிய புண் தோன்றவில்லை. தொட்டி நீரின் டிசிபிஎஸ் வளர்ப்பில் மஞ்சள் திட்டுகள் வெகுவாகக் குறைந்திருந்தன. விப்ரியோ முற்றிலும் மறைய வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கடல்நீரில் அது இயல்பாகவே வாழ்வது.

ஆணின் பைத் தோல் இன்னும் சற்றுத் தளர்ந்தே இருக்கிறது. துணை தேடும் காலத்தில் ஆண்கள் பையைத் திறந்து நீரை உள்வாங்கி வெளியேற்றிக் காட்டுவது வழக்கம். அந்த நாட்களில் அது மேற்பரப்புக் குமிழிகளுக்கு அருகில் நிற்காதவாறு காற்றுக் குழாயை மூலைக்கு ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். பை மீண்டும் உப்பி, ஆண் பிடியை விட்டதும் மேலே எழும்பினால், நீவுவதற்கு முன்பாக வெப்பமானியையும் பம்பு இணைப்பையும் பார்த்துக் குறித்துக்கொண்டு அழைக்க வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு.